ஆறு உறுப்புக்கு மார்க் உண்டு... குடலுக்கு மட்டும் இல்லை!

ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் யாரையாவது ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருக்கிறீர்களா? ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக உள்ளே நுழையும் சொந்தக்காரர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததுமே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "காத்து பிரிஞ்சிடுச்சா?" அதுவும் மொத்த வார்டுக்கும் கேட்கிற சத்தத்தில்! படுத்திருப்பவர் பாவம், போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொள்வார். நாமெல்லாம் வராந்தாவுக்கு வந்து சிரிப்போம்.

ஆனால் ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரும் அதையேதான் கேட்பார். மயக்க மருந்தில் தூங்கிப்போன குடல் மறுபடி எழுந்து வேலைக்கு வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஆஸ்பத்திரிகள் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கும் டெஸ்ட் அது. பைசா செலவில்லை, மெஷின் வேண்டாம், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஒரே ஒரு கண்டிஷன். கேட்டால் பதில் சொல்கிற நிலையில் ஆள் இருக்க வேண்டும்.

எங்கள் பெரியப்பா அப்படி இருக்கவில்லை.

களமருதூரில் அவருக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் உளுந்து. உளுந்தூர்பேட்டை பக்கம்தான் ஊர். 61 வயது. நெஞ்சுவலி என்று போனவருக்கு மூன்று அடைப்பு என்றார்கள். காப்பீட்டுத் திட்ட கார்டு இருந்தது. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் பைபாஸ். திங்கட்கிழமை ஆபரேஷன். "ஹார்ட் சூப்பரா வேலை செய்யுது" என்று டாக்டர் வெளியில் வந்து சொன்னதும், பெரியம்மா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷ அழுகை.

ராத்திரி பிரஷர் இறங்கியது. ஏற்றுவதற்கு மருந்து ஓடியது. வென்டிலேட்டர் டியூப் வாயில், தூக்க மருந்து ரத்தத்தில். செவ்வாய்க்கிழமை எங்களை ஒவ்வொருவராக ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். நான் படிப்பது ஈ.சி.இ. மூன்றாம் வருடம். அதனால் என் கண் போனது மானிட்டருக்குத்தான். பச்சைக் கோடு இதயம். நீலக் கோடு ஆக்ஸிஜன். சிவப்பில் ரத்த அழுத்தம். கட்டிலுக்குக் கீழே தொங்கும் சிறுநீர்ப் பையில் அளவுக்கோடு. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லி என்று நர்ஸ் அக்கா எழுதுகிறார். டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்க்கிறார், அது மூளைக்கு. எல்லாவற்றுக்கும் ஒரு எண், இல்லாவிட்டால் ஒரு கட்டம். வயிற்றுக்கு? ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். லேசாக அமுக்கிப் பார்த்தார். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று எழுதினார். அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. ஸ்கேன் எடுத்து, மதியமே மறுபடி தியேட்டர். சிறுகுடலில் ஏறக்குறைய நாலு அடி கறுத்துப் போயிருந்தது. வெட்டி எடுத்தார்கள்.

பெரியப்பா பிழைத்துக்கொண்டார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரை டென்ஷனோடு படிப்பீர்கள். 40 நாள் ஆஸ்பத்திரி வாசம். யார் மேலும் தப்பில்லை. இருந்த அறிகுறிகளை வைத்து அவர்கள் வேகமாகத்தான் ஓடினார்கள். ஆனால் திங்கள் ராத்திரியிலிருந்து புதன் காலைக்குள் அந்தக் குடலுக்குள் என்னமோ நடந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டிய ஆளுக்கு வாயில் டியூப். இந்த விஷயம் என் மண்டைக்குள் புகுந்து வெளியே போகவே இல்லை. 'ஒரு சென்ஸார் கூடவா இல்லை?' என்று தேட ஆரம்பித்தேன். செமஸ்டருக்குக் கூட நான் இவ்வளவு படித்ததில்லை!

முதலில், குடலுக்கு ஏன் இந்தக் கதி?

சும்மா இருக்கும்போது நம் இதயம் தள்ளுகிற ரத்தத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குடலுக்கும் அதைச் சேர்ந்த உறுப்புகளுக்கும் போகிறது. தாராளமான ஒதுக்கீடுதான். ஆனால் பிரஷர் விழுந்தால் உடம்பு போடுகிற முதல் வெட்டு இதே ஒதுக்கீட்டில். மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற, வயிற்றுக்குப் போகும் ரத்தக்குழாய்களை இறுக்கிவிடும். பிரஷரை ஏற்ற நாம் கொடுக்கும் மருந்தும் பல நேரம் அதே வேலையைக் கூடுதலாகச் செய்யும். குழாயில் அடைப்பே இருக்காது, ஆனாலும் தண்ணீர் வராது. இதய ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிக் குடல் ரத்தமில்லாமல் சாவது அபூர்வம், நூற்றில் ஒருவருக்குக் கூட வராது. ஆனால் வந்தால், பாதிப் பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

குடலுக்குள்ளேயும் எல்லா இடமும் ஒன்றில்லை. சிறுகுடலின் உள்சுவரில் கோடிக்கணக்கில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் குட்டி முளைகள்தான் சாப்பாட்டை உறிஞ்சுகின்றன. 'டென்னிஸ் கோர்ட் அளவு பரப்பு' என்று ஸ்கூல் புத்தகத்தில் படித்திருப்போம். 2014ல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து சரியாக அளந்து, உணவுப்பாதை மொத்தமே சுமார் 32 சதுர மீட்டர்தான், பாதி பேட்மின்டன் கோர்ட் என்றார்கள். போகட்டும், அதுவே பெரிசுதான்! அந்த முளைக்குள் ரத்தம் அடியிலிருந்து நுனிக்கு ஏறி, பக்கத்துக் குழாய் வழியாகவே திரும்பி இறங்குகிறது. இரண்டும் ஒட்டி ஓடுவதால், ஆக்ஸிஜனில் ஒரு பகுதி நுனிக்குப் போகாமல் அடியிலேயே குறுக்கு வழியில் தாவித் திரும்பிவிடுகிறது.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கவே தேவையில்லை. கடைமடை! ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கும்போது கடைமடை வயலுக்கும் வரும். குறைந்தால் முதலில் காய்வது அதுதான். தலைமடைக்காரருக்கு விஷயமே தெரியாது. குடல் முளையின் நுனியில் இருக்கும் செல்கள் நம் உடம்பின் கடைமடை. அந்தச் சுவர் ஒரே ஒரு செல் தடிமன்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் கோடானுகோடி பாக்டீரியா, இந்தப் பக்கம் ரத்தம், நடுவில் ஒரு வரிசைச் செங்கல்.

இதை நான் பெரியம்மாவிடம் சொன்னபோது, "அப்ப கடைமடை காயுதுன்னு யாருடி போயி அதிகாரிகிட்டச் சொல்றது?" என்று கேட்டார். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர். இந்தத் துறையில் நான் படித்த அத்தனை கட்டுரைகளும் சுற்றிச் சுற்றி அந்தக் கேள்வியில்தான் வந்து நின்றன.

அப்படிப் போய்ச் சொல்கிற ஆளுக்குப் பெயர்தான் பயோமார்க்கர். ஒரு உறுப்புக்கு அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் அல்லது இறங்கும் ஏதாவது ஒரு பொருள். மாரடைப்புக்கு ட்ரோபோனின் இருக்கிறது. சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின். குடலுக்கு இப்போதைக்கு அவசரத்தில் எல்லோரும் பார்ப்பது லாக்டேட். ஆக்ஸிஜன் பற்றாமல் செல்கள் தவிக்கும்போது லாக்டேட் ஏறும். ஆனால் அது எந்த உறுப்பின் தவிப்பு என்று அதில் எழுதியிருக்காது. கை கால் தசையாகவும் இருக்கலாம், பிரஷர் மருந்தின் விளைவாகவும் இருக்கலாம். இன்னொரு சிக்கல், குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே லாக்டேட்டை வடிகட்டி எடுத்துவிடுகிறது. கல்லீரலாலும் சமாளிக்க முடியாத அளவுக்கு வந்த பிறகுதான் நம் ஊசிக்கு அது சிக்கும். நெருப்பு பக்கத்து வீட்டுக்குப் பரவின பிறகு அடிக்கிற மணி மாதிரி.

ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் ஹீரோக்கள் இரண்டு பேர்.

முதல் ஹீரோவுக்குக் கொஞ்சம் நீளமான பெயர். குடலின் கொழுப்பு அமிலப் பிணைப்புப் புரதம். சுருக்கமாக ஐ-ஃபேப் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் புரதக் குடும்பத்தை 1972ல் கண்டுபிடித்தார்கள். கொழுப்பை செல்லுக்குள் தூக்கிச் சுமக்கும் கூலியாள் இது. ஐ-ஃபேப்பின் அழகே அதன் முகவரிதான். கடைமடை என்றேனே, அதே நுனிச் செல்களுக்குள்தான் இது மூட்டை மூட்டையாக இருக்கிறது. மிகச் சிறிய புரதம். செல் சுவர் உடைந்த உடனே வெளியில் கொட்டி, ரத்தத்தில் கலந்துவிடும். சாதாரணமாக ரத்தத்தில் இது மிகக் குறைவு. அதனால் ஏறினால் பளிச்சென்று தெரியும்.

நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகக் குழு 2008ல் வெளியிட்ட ஒரு பரிசோதனையைப் படித்துவிட்டு நான் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போகவே மறந்துவிட்டேன். கணைய ஆபரேஷனில் எப்படியும் கொஞ்சம் நல்ல சிறுகுடலையும் சேர்த்து வெட்டித்தான் எடுப்பார்கள். நோயாளிகளின் சம்மதத்தோடு, வெட்டப் போகிற அந்தத் துண்டுக்கு மட்டும் 30 நிமிடம் ரத்தத்தை நிறுத்தினார்கள். பிறகு திறந்துவிட்டார்கள். செத்த நுனிச் செல்கள் உதிர்ந்தன. ஆனால் ஓட்டை விழவில்லை! மிச்சச் செல்கள் கிழிந்த இடத்தை இழுத்து மூடிக்கொண்டன. இரண்டு மணி நேரத்துக்குள் சுவர் மறுபடி முழுசாக நின்றது. நம் குடல் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தன்னைத் தைத்துக்கொள்கிறது. ரத்தம் நின்ற நேரம் நீள நீளத்தான் தையல் போட ஆளில்லாமல் போகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்படியென்றால் குடலுக்குள் ஒரு கட்டம் இருக்கிறது. அடி விழுந்துவிட்டது, ஆனால் இன்னும் திரும்பிவிடலாம் என்கிற கட்டம். செவ்வாய்க்கிழமை நான் மானிட்டரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற அந்த ஐந்து நிமிடம் அந்தக் கட்டத்துக்குள் இருந்ததா, அதைத் தாண்டிவிட்டிருந்ததா? எந்த ரிப்போர்ட்டிலும் அது இல்லை.

இரண்டாவது ஹீரோ சிட்ருலின். இவர் நம்ம ஊர்க்காரர் என்றே சொல்வேன். திண்டிவனம் பக்கம் கோடையில் ரோடு ஓரமாகத் தர்பூசணி மலை மாதிரி குவித்து வைத்திருப்பார்களே, அந்தத் தர்பூசணிதான் இதன் பிறந்த வீடு. ஜப்பானில் அந்தப் பழத்தின் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து, தர்பூசணியின் லத்தீன் பெயரான சிட்ருலஸ் என்பதை வைத்து 1930ல் பெயர் சூட்டினார்கள். மனித உடம்பில் ரத்தத்தில் ஓடும் சிட்ருலினை முக்கால்வாசியும் செய்து அனுப்புவது சிறுகுடல் செல்கள்தான். ஆகவே இது ஐ-ஃபேப்புக்கு நேர் எதிர். ஐ-ஃபேப் ஏறினால் 'செல் உடையுது' என்று அர்த்தம். சிட்ருலின் இறங்கினால் 'வேலை செய்ய ஆளே குறைஞ்சு போச்சு' என்று அர்த்தம். நல்ல உடம்பில் லிட்டருக்கு 40 மைக்ரோமோல் சுமாராக இருக்கும். ஐ.சி.யூ.வில் அது 10க்குக் கீழே விழுந்தவர்களின் நிலைமை மோசமாக இருந்தது என்று பிரான்சின் பெசான்சோன் நகரக் குழு 2010 வாக்கில் காட்டியது. ஒன்று அலாரம், இன்னொன்று அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்.

இரண்டையும் சேர்த்து வைத்தால் மேட்டர் ஓவர் என்றுதான் நானும் குதித்தேன். எங்கள் ஹாஸ்டல் ரூம் சுவரில் பிளாக் டயகிராம் கூட ஒட்டிவிட்டேன்.

அப்புறம்தான் ஒவ்வொரு ஆப்பாக வந்தது.

ஐ-ஃபேப் ரத்தத்தில் பாதியாகக் குறைய 11 நிமிடம் போதும். சிறுசு என்பதால் சிறுநீரகம் சட்டென்று வடித்துத் தள்ளிவிடுகிறது. காலை 6 மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்கிற வழக்கத்தில், 2 மணிக்கு வந்து போன ஏற்றம் தெரியவே தெரியாது. எங்கள் பாஷையில் சொன்னால் சாம்ப்ளிங் ரேட் பிரச்னை. சரி, சிறுநீரகம் பழுதானால்? ஐ.சி.யூ.வில் அது சகஜம். வடிகட்ட ஆளில்லாமல் ஐ-ஃபேப் சும்மாவே தேங்கி நிற்கும். சிட்ருலினையும் உடம்பில் பயன்படுத்திக்கொள்ளும் முக்கிய இடம் சிறுநீரகம்தான். அது படுத்துவிட்டால், குடல் செத்துக்கொண்டிருக்கும்போதும் சிட்ருலின் நல்ல பிள்ளை மாதிரி நார்மல் காட்டும். குடலை அளக்கப் போய்க் கடைசியில் கிட்னியை அளந்துவிட்டு வரும் ஆபத்து.

இதய ஆபரேஷனில் இன்னொரு தலைவலி. பைபாஸ் மெஷினில் இருக்கும்போதே பலருக்கு ஐ-ஃபேப் கொஞ்சம் ஏறி, பிறகு தானாக இறங்கிவிடுகிறது. பெரும்பாலானவர்கள் எதுவும் ஆகாமல் வீட்டுக்குப் போகிறார்கள். அப்படியானால் எந்த ஏற்றத்துக்குப் பயப்படுவது? பயந்து எல்லோரையும் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக முடியுமா? வென்டிலேட்டரில் இருப்பவரை லிஃப்டில் ஏற்றிக் கொண்டுபோவதே ஒரு ரிஸ்க், ஸ்கேனுக்குப் போடும் மருந்து சிறுநீரகத்துக்கு இன்னொரு சுமை.

ஐரோப்பாவில் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் ஒரு குழு இதில் பல வருடமாக மல்லுக்கட்டுகிறது. 2012ல் குடல் பாதிப்பை நாலு கிரேடாகப் பிரித்தார்கள். எல்லாம் வாந்தி, வயிறு உப்பல், டியூபில் கொடுத்த கஞ்சி இறங்குதா என்கிற மாதிரி அறிகுறிகள். 2021ல் அதை மதிப்பெண்ணாக மாற்றினார்கள். அந்த ஆய்வில் ஐ-ஃபேப்பையும் சிட்ருலினையும் கூடவே அளந்து பார்த்தார்கள். நம் இரண்டு ஹீரோக்களும் சேர்ந்தும் அந்த மதிப்பெண்ணைப் பெரிதாக மேம்படுத்தவில்லை. படத்தில் இடைவேளையிலேயே ஹீரோ அடிவாங்கி விழுவது மாதிரி இருந்தது எனக்கு.

தலைப்பில் சொன்ன ஆறு உறுப்பு மேட்டருக்கு வருகிறேன். உலகம் முழுக்க ஐ.சி.யூ.க்களில் நோயாளி எவ்வளவு மோசமாக இருக்கிறார் என்று கணக்குப் போட சோஃபா என்றொரு மதிப்பெண் பட்டியல் உண்டு (உட்காருகிற சோஃபா இல்லைங்க!). 1996ல் வந்தது. நுரையீரல், இதயமும் ரத்த ஓட்டமும், கல்லீரல், சிறுநீரகம், மூளை, ரத்த உறைதல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். குடல் அதில் இல்லை. 2025ல் அந்தப் பட்டியலை இப்போதைய சிகிச்சைகளுக்கு ஏற்ப மாற்றி எழுதினார்கள். குடலைச் சேர்க்கலாமா என்று யோசித்துவிட்டு, நம்பகமான அளவுகோல் போதவில்லை என்று மறுபடியும் விட்டுவிட்டார்கள். கிட்டத்தட்ட 30 வருடம், இன்னும் அதே ஆறு.

நியாயமாகப் பார்த்தால் நான் இங்கே நொந்துபோய் 'ட்ராஃபிக் சிக்னல் கன்ட்ரோல்' என்று ஏதாவது வழக்கமான ப்ராஜெக்டுக்குப் போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம் வேலூர்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1960களில் பேக்கர், மாதன் என்ற இரண்டு மருத்துவர்களும் அவர்களுடைய குழுவும் தென்னிந்தியர்களின் சிறுகுடலை எடுத்துப் பார்த்தார்கள். அப்போது கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்றொரு தீராத வயிற்றுப்போக்கு கொள்ளைநோய் மாதிரி வந்துகொண்டிருந்தது. நோயாளிகளோடு ஒப்பிட, எந்தத் தொந்தரவும் இல்லாத நல்ல மனிதர்களின் குடலையும் பார்த்தபோது ஒரு ஆச்சரியம். மேல்நாட்டுப் புத்தகத்தில் விரல் மாதிரி இருக்க வேண்டிய அந்த முளைகள், இங்கே பலருக்கு இலை மாதிரியும் நாக்கு மாதிரியும் அகலமாக, குட்டையாக இருந்தன. நோயே இல்லை, ஆனால் குடல் புத்தகத்தில் இருக்கும் படம் மாதிரி இல்லை. குடிதண்ணீர், சுகாதாரம், சின்ன வயதிலிருந்து வந்து போகும் தொற்றுகள் எல்லாம் இதில் சேர்த்தி. 2009 முதல் எட்டு நாடுகளில் நடந்த பெரிய குழந்தைகள் ஆய்வில் இந்தியாவுக்கான இடம் இதே வேலூர்தான். வயிற்றுப்போக்கு இல்லாத நாளிலும் குழந்தைகளின் மலத்தில் குடல் பாதிப்பின் மார்க்கர்களை அளந்து, வளர்ச்சியோடு ஒப்பிட்டார்கள்.

இன்ஜினீயரிங்கில் எங்களுக்கு முதல் வருடமே சொல்லித் தருவது: சென்ஸாரை எங்கே உபயோகிக்கப் போகிறாயோ அங்கே வைத்துக் காலிபரேட் பண்ணு. பெசான்சோனில் 10 என்பது அபாயக் கோடு. ஏற்கெனவே குட்டையான முளைகளோடு, கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒரு களமருதூர் விவசாயிக்கும் அதே 10தானா? அவர் ஆபரேஷனுக்குப் போகும் முன்பே எத்தனையில் ஆரம்பிக்கிறார்? ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ஒரு அளவு, முடிந்ததும் ஒரு அளவு, அப்புறம் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை. அவருடைய அளவை அவருடைய அளவோடேயே ஒப்பிட வேண்டும். எங்கோ யாருக்கோ போட்ட ஒற்றைக் கோட்டைத் தாண்டினாரா என்று பார்ப்பதைவிட இது எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆபரேஷன் நோயாளிகளிடம் ஒரு வசதி உண்டு. விபத்தில் வருபவர் மாதிரி இல்லாமல், அடி விழப்போகிற நேரம் முன்கூட்டியே தெரியும்!

ஆனால் 'சில மணி நேரத்துக்கு ஒரு தடவை' என்று எழுதுவது சுலபம். ஐ-ஃபேப்பை அளக்கும் லேப் முறையில் 96 குழி இருக்கிற பிளாஸ்டிக் தட்டு வேண்டும். வேலை முடிய மணிக்கணக்கு ஆகும். ஒரே ஒரு நோயாளிக்காக யாரும் தட்டைத் திறக்க மாட்டார்கள். ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். சிட்ருலினுக்கு இன்னும் பெரிய மெஷின். இரண்டும் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஓகே. ராத்திரி 2 மணிக்கு டியூட்டி டாக்டருக்கு உதவாது.

எங்கள் மாவட்டத்தை வைத்து யோசித்தால் இது இன்னும் உறைக்கும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதே 2019ல்தான். அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டவர்கள் பலியானபோது, கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஊர் ஊராக ஆம்புலன்ஸ் ஓடியதை நாங்கள் பார்த்தோம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கமிருந்து வருபவருக்கு மலை இறங்கவே தனி நேரம். என் க்ளாஸ்மேட் ஒருத்தி அந்தப் பக்கம். "எங்க ஊர்ல இருந்து வயித்து வலின்னு கிளம்பினா, கீழ வர்றதுக்குள்ள வலி போயிருக்கும், இல்ல ஆளு போயிருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பப்படும் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய பொருளாக இருந்தால்தான் இதற்கு அர்த்தம்.

அதனால் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கையில் எடுத்திருப்பது ஒரு பட்டை. கர்ப்பம் பார்க்கும் பட்டை, கொரோனாவுக்கு வீட்டில் மூக்கைக் குடைந்து பார்த்தோமே அந்தப் பட்டை, அதே குடும்பம். கோடு விழுந்தால் ஆமாம், விழாவிட்டால் இல்லை என்று சொல்வதுதான் அதன் வழக்கம். எங்களுக்கு அது போதாது, கோடு எவ்வளவு அழுத்தமாக விழுகிறது என்று வேண்டும். அதைப் படிக்க ஒரு எல்.ஈ.டி., ஒரு லைட் சென்ஸார், ஒரு சின்ன போர்டு. அந்தப் பாதி எங்களுக்குத் தெரிந்த வேலை, ரிச்சி ஸ்ட்ரீட்டில் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும் சமாச்சாரங்கள்கூட அதில் உண்டு. பட்டையில் தடவ வேண்டிய ஆன்டிபாடிதான் எங்கள் ஆறு மாத மெஸ் பில்லை விழுங்கிவிடும் போலிருக்கிறது. இப்போதைக்கு ஐ-ஃபேப் இல்லாமல், கடையில் கிடைக்கும் சாதாரணப் பட்டைகளை வைத்து ரீடரை மட்டும் பழக்கிக்கொண்டிருக்கிறோம். கூடவே கிரியேட்டினின் மதிப்பையும் கேட்டு வாங்கி, சிறுநீரகம் சரியில்லாவிட்டால் 'இந்த எண்ணை நம்பாதே' என்று எழுதிக் காட்டுகிற மாதிரி ப்ரோகிராம். கேலி பண்ணாதீர்கள், என் கணக்கில் அந்த ஒரு வரிதான் இந்தப் ப்ராஜெக்டிலேயே உருப்படியான பகுதி.

பெரியப்பா இப்போது களமருதூரில்தான் இருக்கிறார். வெட்டியது சிறுகுடலின் கடைசிப் பகுதி என்பதால் பி12 சத்து உடம்பில் ஏறாது, அதற்கு ஊசி போட்டுக்கொள்கிறார். ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட முடியாது. முன்பெல்லாம் பந்தியில் உட்கார்ந்தால் மூன்று தடவை சாம்பார் கேட்கிற ஆள், இப்போது இலையில் கால்வாசிக்கு மேல் போனால் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறார். கோடையில் தர்பூசணி வாங்கி வந்தால் மட்டும் விடுவதில்லை. அதில் சிட்ருலின் இருக்கிறது என்று நான் ஒரு தடவை சொன்னதற்கு, "அது எனக்குத் தெரியாது பாப்பா, இது ஒண்ணுதான் வயித்துல சண்டை போடாம உள்ள போவுது" என்றார்.

முதல் ரிவ்யூவில் எங்கள் எச்.ஓ.டி. சார் ஸ்லைடுகளைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கட்-ஆஃப் எவ்வளவு வைக்கப் போறீங்க?" நாங்கள் பெசான்சோன், வேலூர், கிட்னி என்று பத்து நிமிடம் பேசினோம். "அப்ப முதல்ல நல்லா இருக்கிற நம்ம ஊர் ஆளுங்ககிட்ட அளந்துட்டு வாங்க" என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மனிதர்களிடமிருந்து ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஒரு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டுக் கூட வர வேண்டும். ஃபாரம் 14 பக்கம். ஒன்பதாவது பக்கத்தில், ஆய்வில் கலந்துகொள்பவருக்கு அவருடைய தாய்மொழியில், எளிய சொற்களில், இது எதற்காக என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைத்தான் இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறோம். கடைமடை என்று ஆரம்பித்திருக்கிறேன்.